சுருதிக்கு யார் சாட்சி?

கிட்டாரின் தலைப்பக்கம் கவ்விக்கொண்டிருக்கும் க்ளிப் ட்யூனர் தீப்பெட்டியை விடச் சின்னது. கம்பியை மீட்டினால் திரையில் ஓர் எழுத்து தோன்றும். பக்கத்தில் ஒரு முள் ஆடும். முள் இடப்பக்கம் நின்றால் கம்பி தளர்ந்திருக்கிறது. வலப்பக்கம் நின்றால் முறுக்கு கூடிவிட்டது. நடுவில் வந்து பச்சை விளக்கு எரிந்தால் அந்தக் கம்பியின் வேலை முடிந்தது. புதுச்சேரியின் மெல்லிசைக் குழுக்களிடமும், ஞாயிறு பூசைக்குப் பாடும் பாடகர் குழுக்களிடமும், ஜூன் 21-இல் நடக்கும் 'ஃபெத் த லா முசீக்' இசைத் திருநாளுக்கு வாசிக்க வரும் கல்லூரிப் பிள்ளைகளிடமும் இந்தப் பொருள் இல்லாமல் இருக்காது.

தட்டாஞ்சாவடி மாதிரியான இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான கருவியும் கிடையாது. புதுச்சேரியின் பழைய வீதிகளுக்கு வடமேற்கே, தொழிற்பேட்டையும் அதன் பட்டறைகளும், நாள் முழுக்க ஓயாத வண்டி இரைச்சலுமாக இருக்கும் பகுதி அது. அங்கே ஒரு வீட்டு மாடியில் காதை மட்டும் நம்பிக் கம்பியைச் சேர்க்க நினைப்பவர் இரவு பத்து மணி வரை காத்திருக்க வேண்டியதுதான். க்ளிப் ட்யூனருக்கு அந்தக் கவலை இல்லை. அது காற்றில் வரும் ஓசையைக் கேட்பதில்லை. கிட்டாரின் மரம் அதிர்வதை மட்டும் கவ்வி வழியாக வாங்கிக்கொள்கிறது. பக்கத்தில் லேத் ஓடினாலும், கல்யாண மண்டபத்தில் தவில் முழங்கினாலும் முள் தன் கம்பியை விட்டு வேறு எதையும் கவனிக்காது.

அந்தத் திரையின் ஓர் ஓரத்தில் பெரும்பாலும் 440 என்று ஓர் எண் இருக்கும். 'ஏ' என்ற சுரம் நொடிக்கு 440 முறை அதிர வேண்டும் என்பது அதன் பொருள். மற்ற எல்லாச் சுரங்களும் அதிலிருந்து கணக்கிடப்படுகின்றன. கிட்டாரின் ஐந்தாம் கம்பி அதே 'ஏ'-யின் இரண்டு ஸ்தாயி கீழே, 110. தடித்த ஆறாம் கம்பி 82.4, மெல்லிய முதல் கம்பி 329.6. இந்த 440-ஐ யார் வைத்தார்கள்? புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தக் கேள்வியில் ஒரு தனி உரிமை உண்டு. ஒரு சுரத்தின் உயரத்தை அரசாணை போட்டு நிர்ணயித்த முதல் பெரிய அரசு, அன்று புதுச்சேரியை ஆண்ட அதே பிரெஞ்சு அரசு.

1850-களில் ஐரோப்பாவில் சுருதி ஏறிக்கொண்டே போனது. சுருதி ஏறினால் இசைக்குழு பளிச்சென்று கேட்கும். கருவி செய்பவர்களும் அதற்கு ஏற்றாற்போல உயர்த்திச் செய்தார்கள். தொண்டை கிழிந்தது பாடகர்களுக்கு. பாரிஸ் ஆப்பராவின் 'ஏ' 448-ஐத் தொட்டிருந்தது. மூன்றாம் நெப்போலியனின் அரசு ஒரு குழுவை அமைத்தது. ரோஸினி, பெர்லியோஸ், மெயெர்பீர் போன்ற இசையமைப்பாளர்களோடு இயற்பியலாளர் லிஸாஜூவும் அதில் இருந்தார். ஊர் ஊராக இசைக்கவைகளை வரவழைத்து ஒப்பிட்டார்கள். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவிலிருந்து வந்தது 435. அதையே எடுத்துக்கொண்டார்கள். 1859 பிப்ரவரியில் ஆணை வெளியானது: பதினைந்து டிகிரி வெப்பத்தில் 'ஏ' 435. லிஸாஜூவின் மேற்பார்வையில் ஒரு மூல இசைக்கவை செய்து பாரிஸ் இசைக் கல்லூரியில் வைத்தார்கள். பின்னாளில் துல்லியமாக அளந்தபோது அந்த மூலக் கவையே 435-க்கு அரை அதிர்வு போல மேலே நின்றது. அரசாணைக்கும் அரசுப் பொருளுக்கும் அவ்வளவு இடைவெளி எந்த நாட்டிலும் சகஜம்தான்.

ஆங்கிலேயர்கள் இந்த விவகாரத்தில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் தலையாட்டவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் லண்டன் இசைக்குழுக்களும் பிரிட்டிஷ் ராணுவப் பாண்டு வாத்தியங்களும் 452-ஐ ஒட்டியே வாசித்தன. ராணுவம் அதை விட்டுக்கொடுக்க 1920-களின் கடைசி வரை ஆனது. 435-க்கும் 452-க்கும் உள்ள தூரம் அரைச்சுரத்தில் மூன்றில் இரண்டு பங்கு. கோரிமேட்டைத் தாண்டினால் சுங்கச்சாவடியும் நாணயமும் மாறிய காலத்தில், காகிதத்தில் பார்த்தால் சுருதியும் மாறியிருக்கிறது. இரண்டு பக்கத்துப் பாண்டுக்காரர்களையும் ஒரே மைதானத்தில் நிறுத்தி வாசிக்கச் சொல்லியிருந்தால் குதிரைகள் மிரண்டிருக்கும்.

1885-இல் வியன்னாவில் கூடிய மாநாடும் 435-ஐயே ஏற்றது. அந்த ஒப்பந்தத்தை முதல் உலகப்போர் முடிந்து 1919-இல் எழுதிய வெர்சாய் உடன்படிக்கையிலும் நினைவாகச் சேர்த்திருக்கிறார்கள். தோற்ற ஜெர்மனி மீது திரும்ப நடைமுறைக்கு வந்த பழைய ஒப்பந்தங்களின் பட்டியலில் இசைச் சுருதியும் ஒன்று. 440 வந்தது 1939 மே மாதம் லண்டனில் நடந்த பன்னாட்டுக் கூட்டத்தில். சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு அதைப் பரிந்துரைத்தது 1955-இல். புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது 1954 நவம்பர் 1. இரண்டுக்கும் தொடர்பில்லைதான்; ஆனால் 435-இன் அரசு கப்பலேறிய மறு ஆண்டே 440-க்கு உலக முத்திரை விழுந்தது.

இந்த எண் சண்டையெல்லாம் ஊருக்குள் யாருக்காவது கேட்டிருக்குமா என்றால், தேவாலயத்தையும் பாண்டு வாத்தியத்தையும் தாண்டிக் கேட்டிருக்க வழியில்லை. தமிழிசையில் சுருதியை வைப்பது பாடுகிறவரின் தொண்டை. அவருக்கு எது வசதியோ அது சட்ஜம். மற்றவர்கள் அதற்கு வந்து சேர வேண்டும். தம்புராவின் பிருடையைத் திருகி, குதிரையின் மேல் ஜீவாளி நூலை மயிரிழை நகர்த்தி, பஞ்சமமும் சாரணையும் மந்தரமும் ஒன்றில் ஒன்று கரையும்வரை உட்கார்ந்திருப்பார்கள். கச்சேரிக்கு முன்னால் அரங்கத்தில் நடக்கும் அந்தக் கால் மணி நேரத்தைத் தனிக் கச்சேரியாகவே கேட்ட ரசிகர்கள் உண்டு.

கருவிகளுக்குள் யாருக்கு யார் அடங்குவது என்பதற்குச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலேயே ஒழுங்கு இருக்கிறது. குழலைப் பின்பற்றி யாழ், யாழைப் பின்பற்றித் தண்ணுமை என்று அது வரிசைப்படுத்துகிறது. காரணம் எளிது. துளை போட்ட மூங்கிலின் சுருதியை மேடையில் மாற்ற முடியாது. நரம்பையும் தோலையும் மாற்றலாம். மாறாததற்கு மாறுவது வழிவிட வேண்டும். மேற்கத்திய இசைக்குழுவில் ஓபோ என்ற குழல் 'ஏ' கொடுக்க, எல்லோரும் அதற்குச் சேர்ப்பதும் ஏறக்குறைய இதே நியாயத்தால்தான்.

அந்த மாறாத இடத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிடித்துக்கொண்டது ஹார்மோனியம். 1840-களின் தொடக்கத்தில் பாரிஸில் அலெக்ஸாந்தர் தெபேன் காப்புரிமை வாங்கிய கருவி அது. காலால் மிதித்த அந்தப் பெட்டியைக் கையால் துருத்தி போடும்படி சிறிதாக்கி ஊரெங்கும் பரப்பியதில் கல்கத்தாவின் துவார்க்கின் நிறுவனத்துக்கு முக்கியப் பங்கு. தமிழ்நாட்டில் அது நேராக நாடக மேடையில் போய் உட்கார்ந்தது. மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமானால் உச்சக் குரலில் பாட வேண்டும். அந்தக் குரலைக் கீழே விழாமல் தாங்க ஒரு பலத்த நாதம் வேண்டும். தம்புரா அங்கே எடுபடாது. தமிழ் நாடகத்தின் தலைமையாசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்கள் இந்தப் பெட்டியின் பக்கபலத்தில்தான் விடிய விடிய நடந்தன. 1922-இல் சுவாமிகள் காலமானது புதுச்சேரியில். அவருடைய சமாதி தட்டாஞ்சாவடியிலிருந்து அதிக தூரமில்லாத கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. நாடகக் கலைஞர்கள் இன்றும் அங்கே போய் வணங்குகிறார்கள்.

தமிழ் இசைக்காரர்களின் அன்றாடக் கணக்கையே அந்தப் பெட்டி மாற்றிவிட்டது. பாடகரிடம் சுருதி கேட்டால் "ஒண்ணரைக் கட்டை", "அஞ்சரைக் கட்டை" என்று சொல்வார். வெள்ளைக் கட்டைகளை ஒன்று முதல் ஏழு வரை எண்ணி, இடையில் வரும் கறுப்புக் கட்டைகளுக்கு அரை போட்டுச் சொல்லும் முறை அது. ஒரு கட்டை என்றால் 'சி'. ஒன்றரை 'சி ஷார்ப்'. ஆறு கட்டை 'ஏ'. மூன்றரைக் கட்டையில் பாடுகிற ஒருவரைப் பார்க்க முடியாது; மூன்றாவது, நான்காவது வெள்ளைக் கட்டைகளுக்கு நடுவே கறுப்பு கிடையாது. பெட்டியே பார்த்திராத பிள்ளைகளும் இன்று சுருதி செயலியில் கட்டை எண்ணைத் தேடித்தான் தொடுகிறார்கள். புல்லாங்குழல் வாங்கப் போனாலும், மிருதங்கத்துக்குத் தோல் மாற்றப் போனாலும் கடைக்காரர் முதலில் கேட்பது எத்தனை கட்டை என்றுதான்.

இதைச் சகிக்காதவர்களும் இருந்தார்கள். 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியார் தம் 'சங்கீத விஷயம்' கட்டுரையில் ஹார்மோனியத்தைக் கடுமையாகச் சாடியிருக்கிறார். அவருக்கு வந்த கோபத்துக்குக் காரணம் உண்டு. பெட்டியின் சுரங்கள் பட்டறையிலேயே ஆணியடித்ததுபோல நின்றுவிட்டவை. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் கமகம் அதில் வராது. அதோடு, பெட்டி சும்மா சுருதி மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்குவதில்லை; பாடகரோடு கூடவே பாடி, அவர் குரலைத் தன் சுரத்துக்கு இழுக்கும். தாகூருக்கும் இதே வெறுப்பு. 1940 மார்ச்சில் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தை ஒலிபரப்பிலிருந்தே விலக்கியது. தடை தளர 1971 ஆனது. புதுச்சேரி வானொலி நிலையம் 1967-இல் தொடங்கியபோது, பிரெஞ்சுப் பூர்விகம் உள்ள அந்தப் பெட்டி நிலையத்துக்குள் விலக்கப்பட்ட பொருள்.

பெட்டியின் சுரங்கள் சரியா தவறா என்பது வெறும் ரசனைச் சண்டை அல்ல, கணக்குச் சண்டையும்கூட. அதில் தமிழ்நாட்டிலிருந்து வந்த பெரிய குரல் தஞ்சை ஆபிரகாம் பண்டிதருடையது. சித்த மருத்துவர், பாரிஸில் 435 ஆணை வெளியான அதே 1859-இல் பிறந்தவர். 1917-இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்' என்ற பெருநூலில், ஸ்தாயியை இருபத்திரண்டு சுருதியாக ஏற்றத்தாழ்வோடு பிரிக்கும் வழக்கை மறுத்து, சம அளவில் பன்னிரண்டு, இருபத்துநான்கு என்று பிரிக்க வேண்டும் என வாதிட்டார். 1916-இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டுக்குத் தம் மகள்களையும் அழைத்துப்போய் வீணையோடு நிரூபித்துக் காட்டினார். சபை அவர் சொன்னதை ஏற்றுக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம். இன்றைய ட்யூனரின் சில்லு செய்கிற கணக்கு அதுவேதான்: ஒவ்வொரு அரைச்சுரமும் முந்தையதைப் போல 1.05946 மடங்கு. அந்தச் சமப் பிரிவின் நியாயம் தஞ்சாவூரில் தமிழில் அச்சாகி நூறாண்டு கடந்துவிட்டது.

எதிர்க் கட்சிக்கும் தமிழில் ஒரு பேரறிஞர் உண்டு. மட்டக்களப்பில் பிறந்த விபுலாநந்த அடிகள், அறிவியல் படித்தவர். 1947-இல் அரங்கேறிய 'யாழ் நூல்' பழந்தமிழ் யாழின் நரம்புகளை இயற்கையான விகிதங்களின்படி கணக்கிட்டுக் காட்டியது. சட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் இரண்டுக்கு மூன்று, சட்ஜத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நான்குக்கு ஐந்து என்பது போன்ற சின்ன எண் விகிதங்கள்தான் காதுக்கு இனிமை என்பது இந்தக் கட்சியின் அடிப்படை. இரண்டு கட்சிக்கும் இடையே பஞ்சமத்தில் வித்தியாசம் மிகக் குறைவு; காந்தாரத்தில் நன்றாகத் தெரியும். கிட்டாருக்கு வரும்போது இந்தச் சண்டை திரும்ப வரும்.

சுருதிக்குக் காதைத் தவிர வேறு சாட்சியும் உண்டு என்பதைப் பெரும்பாலான தமிழ்ப் பிள்ளைகள் முதலில் பார்ப்பது பள்ளி ஆய்வகத்தில். சுரமானியின் கம்பி மேல் ஒரு சிறு காகிதத் துண்டை மடித்து உட்கார வைப்பார்கள். இசைக்கவையைத் தட்டிப் பெட்டியின் மேல் ஊன்ற, கம்பியின் நீளம் சரியாக இருந்தால் காகிதம் துள்ளி விழும். காது சரியில்லாத மாணவனும் அங்கே சுருதி சேர்த்துவிடலாம். ஆய்வகக் கவையை வீட்டுக்குக் கொண்டுவந்து கிட்டார் சேர்க்கலாமென்று நினைப்பவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. அதில் பொறித்திருக்கும் 256 இயற்பியலாளர்களின் வசதிக்காக வைத்த 'சி'. 440-இன் கணக்கில் அந்த 'சி' 261.6. ஆய்வகக் கவையை நம்பினால் கிட்டார் முழுவதும் இறங்கியே நிற்கும்.

கவையின் பூர்விகமே நரம்பு வாத்தியம்தான். 1711-இல் இங்கிலாந்தில் அதைச் செய்த ஜான் ஷோர் எக்காளமும் லூட்டும் வாசித்தவர். லூட் என்பது கிட்டாருக்குப் பெரியப்பா முறை. இசையமைப்பாளர் ஹாண்டலிடம் இருந்த கவை ஒன்றை அளந்திருக்கிறார்கள்: 422.5. அரைச்சுரத்தை நூறு 'சென்ட்'டாகப் பிரித்து, இன்று எல்லா ட்யூனரும் காட்டும் அளவையை 1885-இல் உலகுக்குத் தந்த அலெக்ஸாண்டர் எல்லிஸுக்குத் தன் காது மேலே நம்பிக்கை இல்லை. பியானோ நிபுணர் ஹிப்கின்ஸின் காதை இரவல் வாங்கித்தான் வேலை செய்தார். கண்ணால் சுருதி பார்க்கும் காலத்தைத் தொடங்கிவைக்க அவரைவிடத் தகுதியானவர் இருந்திருக்க முடியாது.

தமிழ்நாட்டில் மின்சாரம் சுருதிக்குள் நுழைந்தது கிட்டார் வழியாக அல்ல. நாகசுவரக் குழுவில் ஒத்து என்ற துளையில்லாக் குழலை ஒருவர் கன்னம் வீங்க ஊதிக்கொண்டே இருப்பார். மேளத்துக்கு அவர்தான் சட்ஜம். துருத்தியுள்ள சுருதிப் பெட்டி வந்ததும் அந்த ஆள் மெதுவாக மேடையிலிருந்து மறைந்தார். அதற்குள் நாகசுவரமே இறங்கிவிட்டிருந்தது. குட்டையான, உச்சச் சுருதியுள்ள திமிரிக்குப் பதிலாக நீண்ட பாரி நாகசுவரத்தைத் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி செய்துகொடுத்தது இசை வரலாற்றில் பேர் பெற்ற செய்தி. 2022-இல் அந்த ஊரின் நாகசுவரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பிறகு 1979 வாக்கில் பெங்களூரில் புல்லாங்குழல் வாசிக்கும் பொறியாளர் ஜி. ராஜ் நாராயண் ரேடல் நிறுவனத்தைத் தொடங்கி மின்னணுத் தம்புராவைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கச்சேரி மேடை, கோயில், பாட்டு வகுப்பு என்று எல்லா இடத்திலும் ஒரு சின்னப் பெட்டி ரீங்கரிக்கத் தொடங்கியது. கட்டை எண்ணைத் திருகினால் போதும். தம்புரா போடத் தெரிந்த கை குறைந்ததும் இந்தக் காலத்தில்தான். அது உண்மையான நஷ்டம்.

கிட்டார்காரர்களின் கதை இதற்கு இணையாக ஓடியது. 1976-இல் 'அன்னக்கிளி'யோடு வந்த இளையராஜா தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றவர். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிட்டார் தேர்வில் தேறியவர். அவர் பாடல்களில் கிட்டார் ஒலித்த விதம் ஊர்ப்பிள்ளைகளின் கையில் ஒரு கிட்டாரைக் கொடுத்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு தமிழில் பூசை வந்ததும் கோயில் பாடகர் குழுக்களிலும் அது இடம் பிடித்தது. கல்கத்தாவில் செய்த மலிவான கிட்டார்கள், ஒரு ஈரமழைக்கே கழுத்து வளைபவை, இந்தத் தேவையை நிறைவேற்றின. சேர்க்கும் முறை ஒன்றுதான். ஹார்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்தி ஒரு கம்பியைச் சேர்ப்பார்கள். பிறகு ஐந்தாம் ஃப்ரெட்டில் விரல் வைத்து அடுத்த கம்பியை அதற்கு இணையாக்குவார்கள். மூன்றாம் கம்பியிலிருந்து இரண்டாவதற்குப் போகும்போது மட்டும் நான்காம் ஃப்ரெட். ஒவ்வொன்றிலும் துளி பிழை சேர்ந்து, கடைசிக் கம்பிக்கு வரும்போது அது கைப்பிடி அளவு ஆகியிருக்கும். திரும்ப முதலிலிருந்து.

வெளிநாட்டில் அந்த வேலையை இயந்திரத்துக்குக் கொடுக்கும் முயற்சி அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் கான் நிறுவனம் 1936-இல் கொண்டுவந்த ஸ்ட்ரோபோகான், சுழலும் தட்டுகளில் ஒளிக்கோடுகளை ஓடவிடும் பெரிய பெட்டி. கோடு அசையாமல் நின்றால் சுருதி சேர்ந்தது. பள்ளிகளும் கருவித் தொழிற்சாலைகளும்தான் அதை வாங்க முடிந்தது. 1975-இல் ஜப்பானின் கார்க் நிறுவனம் டபிள்யூடி-10 என்ற கையடக்க முள் ட்யூனரை வெளியிட்டது. அதிலே எந்தச் சுரத்தைச் சேர்க்கிறோம் என்று முதலில் நாமே பொத்தானைத் திருப்பிச் சொல்ல வேண்டும். 1983-இல் வந்த பாஸ் டியூ-12 சுரத்தைத் தானே கண்டுபிடித்தது. இவை இந்திய ஊர்ப்புறங்களுக்கு வரக் காலம் பிடித்தது. இறக்குமதிக் கட்டுப்பாடும் சுங்கமும் இருந்த எண்பதுகளில் ஜப்பான் கருவி என்றால் வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரின் பெட்டிதான் கதி. 1991-க்குப் பிறகு கதவு திறந்தது. அப்புறம் கவ்வி வந்தது, கைப்பேசிச் செயலி வந்தது; ட்யூனர் என்பது காசு கொடுத்து வாங்கும் பொருளாகவே இல்லாமல் போகும் நிலைக்கு வந்துவிட்டது.

உள்ளே நடப்பது பெரிய மாயமில்லை. அழுத்தத்தை மின்சாரமாக்கும் ஒரு சிறு படிகத் தகடு மரத்தின் அதிர்வை வாங்குகிறது. சில்லு அந்த அலை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்று அளக்கிறது. 110 என்றால் ஓர் அலைக்கு ஒன்பது மில்லி நொடியும் சொச்சமும். தடித்த கம்பியில்தான் முள் தடுமாறும், ஏனென்றால் அங்கே அடிச்சுரத்தை விட அதன் மேற்சுரங்கள் ஓங்கிக் கேட்பதுண்டு. பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் மேல் விரலை லேசாகத் தொட்டு மீட்டினால் முள் அமைதியாகும். பழகியவர்கள் இன்னொன்றும் செய்வார்கள்: கம்பியை எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றிச் சேர்ப்பார்கள். சுருதி தாண்டிவிட்டால் நன்றாக இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுவார்கள். இறக்கி நிறுத்தினால் பல்சக்கரத்தில் மிச்சமிருக்கும் தளர்ச்சி இரண்டாம் பாட்டிலேயே வேலையைக் காட்டிவிடும்.

ஆறு கம்பியிலும் பச்சை எரிந்தும் ஏதோ ஒன்று உறுத்துகிறது என்று புதிதாகக் கற்பவர்கள் சொல்வதுண்டு. அவர்கள் காது சரிதான். மூன்றாம் கம்பி 196, இரண்டாவது 246.9. இயற்கை விகிதப்படி, அதாவது விபுலாநந்தர் கட்சியின் நான்குக்கு ஐந்துப்படி, இரண்டாவது 245-ஆக இருக்க வேண்டும். அந்த இரண்டு அதிர்வு வித்தியாசம் மேற்சுரங்களில் பெருகி நொடிக்கு எட்டு அலையாகக் கேட்கிறது. காது பொறுக்காமல் இரண்டாம் கம்பியைச் சற்று இறக்கினால் அந்த ஒரு கார்டு தேனாகும். அடுத்த கார்டு புளிக்கும். ஃப்ரெட் அடித்த கழுத்தில் எல்லாக் கார்டுக்கும் நியாயம் செய்யச் சமப் பிரிவைத் தவிர வழியில்லை. கிட்டார் அந்த வகையில் பண்டிதர் கட்சி. அதற்கு ட்யூனர் சொல்வதே சரி.

தம்புராவுக்கும் வீணைக்கும் அதே முள்ளை வைக்கும்போதுதான் சிக்கல். ஒன்றரைக் கட்டைச் சட்ஜத்துக்கு மந்தரப் பஞ்சமத்தை ட்யூனர் பச்சையில் நிறுத்தினால் இரண்டு நொடிக்கு ஒருமுறை நாதம் மெல்ல ஏறி இறங்கும். பல பேருக்கு அது கேட்காது. கேட்கிறவருக்கு அது தம்புராவே அல்ல. விவரம் தெரிந்தவர்கள் சட்ஜத்துக்கு மட்டும் முள்ளைப் பார்த்துவிட்டுப் பஞ்சமத்தைக் காதால் முடிக்கிறார்கள். ஆரோவில்லில் 2003 முதல் இயங்கும் ஸ்வரம் இசைக்கருவிப் பட்டறையில் சுற்று வட்டாரக் கிராமத்து இளைஞர்கள் உலோகக் குழாய்களையும் மரப்பலகைகளையும் அறுத்து, தேய்த்துச் சுருதிக்குக் கொண்டுவருகிறார்கள். தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால் அங்கே அளவும் காதும் ஒன்றையொன்று சரிபார்த்தே ஆக வேண்டும்.

ட்யூனர் காதைக் கெடுத்துவிட்டது என்ற புலம்பல் இசை ஆசிரியர்களிடம் அடிக்கடி கேட்கிறது. ஹார்மோனியத்தின் மீது பாரதியாரின் தலைமுறை வைத்த குற்றச்சாட்டு அதைவிடக் கனமானது, நியாயமானதும்கூட. பெட்டி பாட்டு முழுவதும் கூடவே ஒலித்துத் தன் சுரத்தைத் திணித்தது. ட்யூனர் ஊமை. கேட்டபோது ஒரு பதில் சொல்லிவிட்டு வாசிக்கிறவனின் காதுக்கு வழிவிடுகிறது. தினமும் சரியாகச் சேர்ந்த கிட்டாரைக் கேட்டு வளரும் பிள்ளைக்குச் சேராத கிட்டார் உடனே உறுத்தும். தப்பாகச் சேர்ந்ததையே கேட்டுப் பழகிய பழைய தலைமுறை மெல்லிசைக்காரர்களில் எத்தனை பேருக்கு அந்த வாய்ப்பு இருந்தது?

கடைசியாக, பழைய ஹார்மோனியத்தோடு மேடையேறப் போகிற கிட்டார்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டியின் ரீடுகள் 440-இல் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வயதாக ஆக அவை விலகவும் செய்யும். உங்கள் ட்யூனர் 440 என்று அடம்பிடித்தால் இரண்டு பேரும் சரியாக இருந்து பாட்டு மட்டும் கெட்டுப்போகும். முதலில் பெட்டியின் ஆறாம் கட்டையை நீளமாக அழுத்தச் சொல்லிக் கைப்பேசிச் செயலியில் அதன் அளவைப் பாருங்கள். பெரும்பாலான ட்யூனர்களில் 440-ஐக் கூட்டிக் குறைக்கப் பொத்தான் உண்டு. 435 வரையும் அதற்குக் கீழேயும் இறங்கலாம். பெட்டி காட்டும் எண்ணை அங்கே வைத்துவிட்டு ஆறு கம்பியையும் சேருங்கள்.